தண்ணீர் கிளாஸில் விற்ற பல்

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் என் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மேல் வரிசை முன்பற்களில் இடதுபுறம் இருப்பது என்னுடைய பல் அல்ல. பீங்கான். அதன் அடியில், ஈறுக்குள், தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் திருகு இறங்கியிருக்கிறது. நகத்தால் தட்டினால் மற்றப் பற்கள் 'டொக்' என்னும். இது மட்டும் 'டிங்' என்னும். திருகு எலும்போடு நன்றாக ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம் என்று என் பல் மருத்துவர் சொல்வார்.

நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. அதுதான் என் துன்பம்.

என் பெயர் ஈல்வா. ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரத்தில் இருக்கிறேன். ட்ரம்பெட் வாசிக்கிறேன். எட்டு வயதிலிருந்து வேறு எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. எங்கள் நகர இசைக்குழுவில் ட்ரம்பெட் இடம் காலியாவது பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை. போன ஆண்டு காலியானது. ஜனவரி கடைசியில் தேர்வு. அதற்காக நான் மூச்சு விடுவதைக்கூடப் பழகிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் தொடக்கத்தில், ஒரு மழை இரவில், என் சைக்கிள் சக்கரம் டிராம் தண்டவாளத்தின் இடுக்கில் மாட்டியது. இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் ஒரு முறையாவது அந்த இடுக்கில் விழுந்திருப்பார்கள். கையை ஊன்றி விழுவார்கள். நான் முகத்தை ஊன்றி விழுந்தேன்.

ட்ரம்பெட்டின் வாய்முனை உதட்டை அழுத்தும். உதட்டுக்குப் பின்னால் தாங்கி நிற்பது அந்த இரண்டு முன்பற்கள்தான். அதில் ஒன்று, வேரோடு, எங்கேயோ இருட்டில் போய் விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் அதைத் தேடி எடுத்து வந்தவன் மால்ட்டே. என்னோடு படித்தவன், ட்ராம்போன்காரன். ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து நீட்டினான்.

"இந்தா பொக்கைவாய், உன் சொத்து. தண்டவாளத்துக்கு நடுவுல கிடந்துச்சு. மூணு டிராம் ஏறாம தப்பிச்சிருக்கு."

"சிரிக்க வைக்காத, வலிக்குது."

"கிளாஸ்ல தண்ணி ஊத்திப் போட்டு வை. காலைல காசு வந்திருக்கும்."

எங்கள் வீடுகளில் குழந்தைக்குப் பல் விழுந்தால் அப்படித்தான் செய்வார்கள். தண்ணீர் கிளாஸில் பல்லைப் போட்டுப் படுக்கையருகே வைப்பார்கள். இரவில் பல் தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசை விட்டுப் போகும். அம்மாதான் வைப்பாள் என்று ஆறு வயதிலேயே எனக்குத் தெரியும்.

அன்று மதியம் என் பல் மருத்துவர் குன்னெல் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துத் தலையசைத்தார். பால்பல் காலத்திலிருந்து என் வாயைப் பார்ப்பவர்.

"ராத்திரி பூரா ரோட்டுல காஞ்சு கிடந்திருக்கு. வேர் செத்துப் போச்சு. இதைத் திரும்ப நட முடியாது, ஈல்வா. திருகு வெச்சுதான் ஆகணும்."

"ஜனவரிக்குள்ள வாசிக்க முடியுமா?"

"எலும்பு திருகோட ஒட்டணும். மூணு மாசம். ஒட்டிச்சுன்னா வாசிப்ப."

"ஒட்டலைன்னா?"

அவர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

அன்று மாலை எனக்குத் துணி துவைக்கும் முறை. எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவாக அடித்தளத்தில் ஒரு துவைக்கும் அறை. சுவரில் ஒரு பலகை. யார் எந்த நேரத்துக்குத் தன் சிறிய பூட்டை மாட்டுகிறாரோ அந்த நேரம் அவருடையது. அடுத்தவர் நேரத்தில் உள்ளே நுழைவதை இங்கே யாரும் மன்னிப்பதில்லை.

என் நேரத்தில் ஹில்டுர் உள்ளே வந்தார்.

எனக்கு மேல் மாடியில் தனியாக இருப்பவர். எண்பது தாண்டியவர். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பொய்ப்பல் செட்டு அலமாரியில் நிம்மதியாகத் தூங்குகிறது என்று சொல்லிச் சிரிப்பார். முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மொறுமொறு ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்து, சப்பிச் சாப்பிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த ரொட்டி உடையும்போது கேட்கும் சத்தத்துக்காகவே அதைச் சாப்பிடுவார்கள். ஊறப்போட்டால் அதில் ஒன்றுமில்லை.

அன்று அவர் கையில் துணி இல்லை. கூடை இல்லை. மழைக்கால ஈரத்தில், மெல்லிய பூப்போட்ட கோடைக்கால கவுன் போட்டிருந்தார். காலில் செருப்பில்லை. அப்போது எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை.

"பொண்ணே, நீயும் நம்ம கட்சியா?" என்று என் வாயைப் பார்த்தார்.

"ஒரே ஒரு பல்லுதான் ஹில்டுர். உங்க கட்சில சேர இன்னும் நிறைய விழணும்."

"விழுந்த பல்லு எங்க?"

"வீட்ல இருக்கு. தீப்பெட்டில."

"தீப்பெட்டில வெச்சா யாருக்கு லாபம்? தண்ணில போடு." பக்கத்தில் வந்தார். "ஒரு பல்லு இருந்தா போதும். ரொட்டியக் கடிச்சுடலாம். எவ்வளவு நாளாச்சு தெரியுமா, அந்தச் சத்தம் கேட்டு..."

நான் சிரித்தேன். "அப்போ நீங்களே வாங்கிக்கோங்க."

"சரி," என்றார்.

சிரிக்காமல் சொன்னார்.

துவைக்கும் இயந்திரம் நீரை வெளியேற்றும் சத்தம் கேட்டு நான் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவர் இல்லை. கதவு மூடும் சத்தம் கேட்கவில்லை. அந்தக் கதவு இரும்புக் கதவு. காற்றில் மூடினால்கூட மூன்றாம் மாடிவரை கேட்கும்.

அன்று படுக்கும்போது பல்லைத் தண்ணீர் கிளாஸில் போட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாய் வலித்தது. பயமாக இருந்தது. ஆறு வயதுக்காரியைப் போல இருக்கவேண்டும் போலிருந்தது.

காலையில் கிளாஸில் பல் இல்லை. அடியில் ஒரு நாணயம் கிடந்தது. ஒரு க்ரோனா. செத்துப்போன பழைய ராஜாவின் தலை போட்டது, இப்போது எந்தக் கடையிலும் செல்லாதது.

மால்ட்டேயிடம் என் வீட்டுச் சாவி இருக்கிறது. அவன் வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். காசை எடுத்து மேசை டிராயரில் போட்டேன்.

எடுத்திருக்கக் கூடாது.

செப்டம்பர் கடைசியில் குன்னெல் திருகை வைத்தார். ஈறைத் தைத்தார். அக்டோபர் முழுவதும் சூப்பும் கஞ்சியும். நவம்பரில் வீக்கம் போய், வலி போய், வாயில் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிட்டது. கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் ஒன்றோடு நடமாடினேன். ட்ரம்பெட் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் வாசித்துவிடுவேன்.

எங்கள் ஊரில் நவம்பர் என்றால் மதியம் மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும். நாலரைக்கு முழு இருட்டு.

ஒரு நாள் மூன்று நாற்பது. சமையலறையில் நின்று ஜன்னல் வழியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் ஒன்றும் இல்லை.

கரக்.

யாரோ மொறுமொறு ரொட்டியைக் கடிக்கிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

கரக்... கரக்... கரக்...

அது அறையில் கேட்கவில்லை. காதிலும் கேட்கவில்லை. தாடையில் கேட்டது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இயற்கை ஒரு மெல்லிய மெத்தை வைத்திருக்கும், திருகுக்கு அது கிடையாது, எந்த அதிர்வும் நேராக எலும்புக்குப் போகும் என்று குன்னெல் சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுச் சத்தம் எப்படியோ ஏறுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு நாக்கில் மொறுமொறு ரொட்டியின் சுவை வந்தது. லேசாகக் காப்பியும்.

மறுநாளும் மூன்று நாற்பது. அதற்கடுத்த நாளும்.

மால்ட்டேயை வரச் சொன்னேன். சொன்னதைக் கேட்டு அவன் சிரித்தான்.

"காதல் பண்ணக் கூப்பிடுறதுக்கு இப்படி ஒரு சாக்கா? கன்னத்துல காதை வைக்கணுமாம்!"

"வாயை மூடிட்டு வை."

வைத்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரக்.

அவன் காதை எடுக்காமலே சொன்னான்: "நீதான் பல்லைக் கடிக்கிற."

"மால்ட்டே... என் வாய் திறந்திருக்கு."

அவன் விலகி என் முகத்தைப் பார்த்தான். வாய் அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, மெதுவாக, ரசித்து ரசித்து.

நான் டிராயரைத் திறந்து அந்தக் காசை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "இது நீ வெச்சதுதானே?"

"எது?"

"கிளாஸ்ல. பல்லை எடுத்துட்டு."

"நான் எதையும் வைக்கலை ஈல்வா." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "பல்லை நான் எடுக்கவே இல்லை."

கரக்... கரக்...

அப்போதுதான் துவைக்கும் அறை ஞாபகம் வந்தது. 'நீங்களே வாங்கிக்கோங்க.' 'சரி.'

அன்றைக்குப் பிறகு ஹில்டுரை நான் எங்கேயும் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பலகையில் அவர் பூட்டு பல மாதங்களாக ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி படிந்து.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் துணிந்து மேலே போனேன். விற்றதைத் திருப்பி வாங்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கைக்குள் இருந்தது. மூன்று முப்பத்தைந்து. எல்லா வீட்டு ஜன்னல்களிலும் கிறிஸ்துமஸ் விளக்குகள். ஹில்டுர் வீட்டு ஜன்னலில் மட்டும் இல்லை.

படிக்கட்டு விளக்கின் பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிடம் எரிந்து தானாக அணையும் விளக்கு.

அவர் கதவு. நடுவில் தபால் போடும் பித்தளைத் துளை. மணியை அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன்.

விளக்கு அணைந்தது.

கரக்.

இந்த முறை இரண்டு இடத்தில் கேட்டது. என் தாடையில். கதவுக்குப் பின்னால்.

"ஹில்டுர்?"

கடிப்பது நின்றது. என் தாடையிலும் நின்றது.

நான் குனிந்து தபால் துளையின் மூடியை விரலால் தள்ளினேன். உள்ளே இருட்டு. குளிர்ந்த காற்று. காகித வாடை. காசைத் துளைக்குள் போட்டேன். உள்ளே குவிந்து கிடந்த தபால்களின் மேல் 'தப்' என்று விழுந்தது.

"திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கு என்னோடது வேணும்."

காதைக் கதவோடு வைத்தேன்.

பிறகு காகிதங்கள் நகர்ந்தன.

தபால் துளையின் மூடி உயர்ந்தது.

உள்ளேயிருந்து.

காசு மெல்ல வெளியே வந்தது. விளிம்பு தெரிந்தது. முழுதாக வந்தது. கல் தரையில் விழுந்தது.

டிங்.

"கொடுத்தது கொடுத்ததுதான், பொண்ணே." வாய் நிறைய ரொட்டியோடு பேசுகிற குரல். "நல்லா கடிக்குது."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வீட்டுக்குள் வந்து பார்த்தபோது காசு என் கைக்குள் இருந்தது.

மறுநாள், நான் தகவல் சொன்னதும், கட்டடப் பராமரிப்பாளர் போலீஸோடு வந்து கதவைத் திறந்தார். ஹில்டுர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூப்போட்ட கோடைக்கால கவுன். மேசையில் ஒரு கிண்ணத்தில் காய்ந்து கறுத்த ஸ்ட்ராபெரிகள். ஜூன் மாத நடுக்கோடை விருந்துக்கு எல்லோரும் வாங்குவது. ஜன்னல் லேசாகத் திறந்திருந்ததால் உடம்பு நாறாமல் காய்ந்துவிட்டது. வாடகை வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் தேடவில்லை.

ஜூன் மாதத்திலேயே இறந்துவிட்டார் என்றார்கள்.

துவைக்கும் அறையில் நான் அவரிடம் பேசியது செப்டம்பரில்.

"ஒண்ணுதான் புரியலை," என்றார் பராமரிப்பாளர், படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது. "மேசை பூரா ரொட்டித் தூள். எடுத்துப் பார்த்தேன். மொறுமொறுன்னு இருக்கு, நேத்து உடைச்ச மாதிரி."

அன்று மூன்று நாற்பதுக்குச் சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

டிசம்பர் கடைசியில் பீங்கான் பல்லை மாட்டக் குன்னெலிடம் போனேன். முதலில் ஒரு கம்பியால் திருகைத் தட்டிப் பார்த்தார். டிங். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"முப்பது வருஷமா இந்த மாதிரித் திருகைத் தட்டிட்டிருக்கேன். மூணு மாசத்துல இப்படி ஒட்டினதைப் பார்த்ததில்லை."

அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பல்லை மாட்டி முடித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஈல்வா, விழுந்த பல்லை என்ன பண்ணின?"

"ஏன்?"

குன்னெல் மாதத்தில் சில நாள் போலீஸுக்காக வேலை செய்பவர். பல்லை வைத்து இறந்தவர் யார் என்று சொல்லும் வேலை. இது எனக்கு முன்பே தெரியும். அப்போதுதான் பயமாக இருந்தது.

"சொல்லக் கூடாதுதான். உங்க மாடி அம்மா. முப்பது வருஷமா வாயில ஒரு பல்லுகூடக் கிடையாதுன்னு பதிவு இருக்கு. ஆனா இருக்கு. ஒரே ஒரு பல்லு. அதனால அது அவங்கதானான்னு சொல்ல முடியாம எல்லாரும் முழிக்கிறோம்." எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "மேல் வரிசை, முன்பல், இடது. இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பல்லு. ஓரத்துல ஒரு வெள்ளை அடைப்பு. உனக்குப் பதினாலு வயசுல, ட்ரம்பெட்டை இடிச்சுக்கிட்டு வந்தியே, அப்போ அடைச்சது. நான் அடைச்ச பல்லை எனக்குத் தெரியாதா?"

நான் படத்தைப் பார்த்தேன். கிழட்டுத் தாடை. அதில் என் பல்.

"யாரோ சொருகியிருக்காங்கன்னுதான் நினைச்சேன்," என்றார். "ஆடவே இல்லை. வேரைச் சுத்தி எலும்பு வளர்ந்திருக்கு. செத்த எலும்பு வளராது." பக்கத்தில் இன்னொரு படத்தை மாட்டினார். என் திருகு. "உனக்கு வளர்ந்த அதே அளவு. ஒரு மயிரிழை கூடக் குறையலை."

படங்களிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"எடுத்துடலாமா?" என்றார்.

"எடுத்தா?"

"இவ்வளவு ஒட்டியிருக்கு. எலும்போட பிச்சுக்கிட்டுதான் வரும்."

"வாசிக்க முடியுமா அப்புறம்?"

தலையசைத்தார். முடியாது என்று.

சத்தம்தான் நின்றுவிட்டதே என்று நினைத்தேன். வேண்டாம் என்றேன்.

ஜனவரி கடைசியில் தேர்வு. தேர்வாளர்களுக்கு ஆளைத் தெரியக் கூடாது என்பதற்காகத் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். வாசித்தேன். அப்படி ஒரு ஒலி என் ட்ரம்பெட்டிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. எலும்பு முழுக்கப் பாடியது. இடம் கிடைத்தது. மால்ட்டே என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"பொக்கைவாய் ஜெயிச்சுட்டா!"

இரண்டு வாரம் என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அடையாளச் சிக்கலால் ஹில்டுரின் இறுதிச் சடங்கு பிப்ரவரி நடுவில்தான் நடந்தது. கட்டடத்திலிருந்து நான் மட்டும் போனேன். இங்கே பெரும்பாலும் எரிப்பார்கள். எரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

எரிக்கவில்லை. ஹில்டுர் தன் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் முன்பே இடம் வாங்கி வைத்திருந்தாராம். பைன் மரப் பெட்டியில் வைத்து, வாயிலிருந்த என் பல்லோடு, மண்ணில் இறக்கினார்கள். நான் பெட்டியின் மேல் அந்தக் காசை வைத்தேன்.

அன்று மூன்று நாற்பது...

சர்ரக்.

ரொட்டி இல்லை. சுரண்டும் சத்தம். ஒற்றைப் பல் எதையோ மேலிருந்து கீழாக இழுப்பது போல.

சர்ரக்... சர்ரக்...

நாக்கில் பிசின் சுவை வந்தது. பச்சைப் பைன் மரம்.

குன்னெலிடம் ஓடினேன். அவர் 'எடுத்துடலாமா?' என்ற அதே கேள்வியைத்தான் கேட்டார். அதே பதிலைத்தான் நான் சொன்னேன். ட்ரம்பெட் இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. படுக்கையருகே வெறுமனே இருந்த தண்ணீர் கிளாஸில், மறுநாள் காலையில், அந்தக் காசு கிடந்தது.

மார்ச். ஏப்ரல். தினமும் கேட்டது. ஒத்திகையில், கச்சேரியில், நீண்ட சுரத்தின் நடுவே கூட. பழகிக்கொண்டேன். மரம் கெட்டியானது, ஒரே ஒரு பல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது மே மாதம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்.

நேற்று மூன்று நாற்பதுக்குக் காத்திருந்தேன்.

சர்ரக்... சர்ரக்...

டொக்.

மரம் உடையும் சத்தம்.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கில் மண் சுவை.